காலடியில் கிடந்த செங்கல்

கனகசபைக்கு அறுபத்து நான்கு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்தொன்பது.

ஆறு கடலில் சேரும் இடத்துக்குத் தெற்கே, மணல்மேடு என்ற மீனவர் குடியிருப்பில் இருந்தாள் அந்தக் குரு. பெயர் தையல்நாயகி. காலையில் கூடையில் மீன் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக விற்று வருவாள். பிற்பகலில் சிலை செய்வாள்.

அவள் செதுக்குவதில்லை. கட்டுவாள். மழைக்காலத்தில் ஆறு இழுத்து வந்து போடும் வேர், உடைந்த படகின் பலகை, தென்னை மட்டை, கணவாய் ஓடு, அறுந்த வலை எல்லாவற்றையும் வலைநூலால் முடிச்சுப் போட்டு நிறுத்துவாள். ஆணி கிடையாது. பசை கிடையாது. கட்டி முடித்ததை ஒரு மழைக்காலம் முழுக்கக் காற்றில் நிறுத்தி வைப்பாள். எது கழன்று விழுகிறதோ அதைத் திரும்பக் கட்டமாட்டாள்.

கனகசபை முப்பத்தொரு வருடம் நகரத்துக் கல்லூரி ஒன்றில் சிற்பம் சொல்லிக்கொடுத்தவர். நான்கு ஊர்களின் முச்சந்திகளில் அவர் வார்த்த வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. மனைவி இறந்த வருடம், பேச்சுத் துணை வேண்டாம், கடல் போதும் என்று கிளம்பி வந்தவர், தையல்நாயகியின் வாசலில் வேரால் கட்டிய எருமை ஒன்றைப் பார்த்தார். அதன் முதுகில் ஈரம் இருப்பதுபோல இருந்தது. கையை வைத்துப் பார்த்தார். காய்ந்த கட்டைதான்.

"யார்கிட்டம்மா கத்துக்கிட்டீங்க?"

"எங்கிட்ட உளி இல்ல. அந்த இல்லாமைகிட்டதான்."

"என்னைச் சேர்த்துக்குவீங்களா?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன தெரியும் உங்களுக்கு?"

"கல் தெரியும். மரம் தெரியும். வெண்கலம் வார்ப்பேன்."

"அதெல்லாம் சொல்லி வெச்சு வாங்குற சரக்கு. இங்க எதுவும் சொல்லிட்டு வராது. இடுப்புவலி இருக்கா?"

"இல்லை."

"அப்பக் கட்டை தூக்குங்க."

அவள் அவரை வாத்தியாரே என்று கூப்பிட்டாள். அவர் அவளை அம்மா என்று கூப்பிட்டார். இதைக் கேட்டுக் குடியிருப்பே சிரித்தது. பக்கத்து வீட்டுப் படகுக்காரன் தேசிங்கு தினமும் ஒருமுறை கேட்பான்.

"வாத்தியாரே, இப்ப எத்தனாவது படிக்கிறீங்க?"

"ஒண்ணாவது."

"இந்த வருசமாவது பாஸாவீங்களா?"

"டீச்சர் ரொம்பக் கண்டிப்புப்பா."

*

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு.

ஒதுங்கிய கட்டையை முதலில் பார்த்தவர், அதன்மேல் ஒரு செங்கல் துண்டை வைத்துவிட்டுப் போவார். அப்புறம் அது அவருடையது. எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். வேறு யாரும் தொடமாட்டார்கள். அது வெறும் மணற்கரை, கல்லே கிடையாது. வடக்கே இடிந்து கிடக்கும் பழைய உப்புக் கிடங்கிலிருந்துதான் செங்கல் எடுத்து வர வேண்டும். ஆகவே ஒரு கட்டையின்மேல் செங்கல் தானாக வந்து உட்கார வழியில்லை. கல் இருந்தால் யாரோ வந்து நின்று பார்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

இது கனகசபைக்கு முதலில் தெரியாது. வந்த வாரமே நல்ல பூவரசங்கட்டை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, பெருமையாக வந்து இறக்கினார்.

தையல்நாயகி கட்டையைப் பார்க்கவில்லை. "இதுமேல கல்லு இருந்துச்சா?"

"ஒரு செங்கல் துண்டு கிடந்தது. கீழே தள்ளிவிட்டேன்."

"எங்க தள்ளினீங்க?"

"அங்கேயேதான்."

"கொண்டுபோயி வெச்சிட்டு வாங்க. கட்டைய மட்டும் இல்ல. கல்லையும்."

ஒன்றரை மைல். கட்டையைப் பழைய இடத்தில் இறக்கி, அலையில் புரண்டு கிடந்த செங்கலைத் தேடி எடுத்து, அதன்மேல் வைத்துவிட்டு அவர் திரும்பியபோது பிற்பகல் ஆகிவிட்டது. அந்தக் கட்டைக்கு உரியவர் வரவே இல்லை. ஐந்து மாதம் கிடந்து, ஒரு பெரிய அலையில் கடலுக்கே போயிற்று. அதுவரை யாரும் தொடவில்லை.

தையல்நாயகிக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. எந்தக் கட்டையில் தொடங்கிச் சிலை வளர்ந்ததோ அந்தக் கட்டையின்மேல் வைத்த செங்கலை எறியமாட்டாள். சிலை நிற்கும்வரை அது அதன் காலடியில் கிடக்கும்.

*

இரண்டாம் வருடம் அவள் கூழைக்கடாப் பறவை ஒன்றைக் கட்டினாள்.

உடல், வெள்ளத்தில் வந்த புளியமரத்தின் அடிக்கட்டை. கழுத்து, ஆறு வளைத்த வேர். அலகு, யாரோ கைவிட்ட கட்டுமரத்தின் முனை. அலகுக்குக் கீழே தொங்கும் பைக்குக் கிழிந்த வலை. கண் என்று எதையும் அவள் வைக்கவில்லை. கட்டுமர முனையில் ஆணி கழன்ற பழைய ஓட்டை ஒன்று இருந்தது. அது பார்த்தது.

அடிக்கட்டையைத் தூக்கிவர நான்கு பேர் வேண்டியிருந்தது. கனகசபை அதில் ஒருவர். இறக்கைகளுக்குத் தென்னை மட்டைகளைத் தரம்பிரித்தது அவர். சின்ன முடிச்சுகள் முப்பதுக்கு மேல் போட்டதும் அவர். பெரிய முடிச்சுகளை அவள் தொடவிடவில்லை. இறக்கை உடலில் சேரும் இடத்து முடிச்சை எத்தனையோ தடவை அவருக்குக் காட்டினாள். அவர் போட்டால் இறுகியது, அல்லது நழுவியது. அவள் போட்டால் காற்றடிக்கும்போது கொஞ்சம் விட்டுக்கொடுத்து மறுபடி பிடித்தது.

மழைக்காலம் முடிந்தது. கூழைக்கடா நின்றது. ஒரு மட்டைகூட விழவில்லை. கனகசபை தினமும் காலையில் எழுந்ததும் அதைப் போய்ப் பார்த்தார். தான் வார்த்த நான்கு வெண்கலங்களில் ஒன்றையும் அவர் அப்படிப் போய்ப் பார்த்ததில்லை.

மாசி மாதத்தில் நகரத்துக் கலைமன்றத்திலிருந்து கார் வந்தது. மன்றத்துக்குப் புதுக் கூடம் கட்டியிருக்கிறார்கள், நடுவில் நிறுத்த ஒரு சிலை தேடுகிறார்கள். கடற்கரையில் ஒரு பெரிய பறவை நிற்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். காரிலிருந்து இறங்கிய இயக்குநர், கனகசபையைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"சார், நீங்களா?"

முகுந்தன். பதினெட்டு வருடங்களுக்கு முன் அவரிடம் படித்தவன். குனிந்து காலைத் தொட்டான். பிறகு நிமிர்ந்து கூழைக்கடாவைப் பார்த்தான். சுற்றி வந்தான். குரல் இறங்கியது.

"நீங்க இருக்கிற இடத்துல இது இல்லாம இருந்தாத்தான் ஆச்சரியம். எத்தனை மாசம் ஆச்சு சார்?"

"பத்து மாசம்."

"ஆணியே இல்லையே."

"ஆணி கிடையாது."

"உங்க பழைய வேலையில இல்லாத ஒண்ணு இதுல இருக்கு சார்."

"ஆமாம்."

மூன்று பதில்கள். மூன்றிலும் பொய் இல்லை. நாலாவதாக ஒரு வாக்கியம் அவர் தொண்டைவரை வந்து நின்றது.

தையல்நாயகி நான்கடி தள்ளி, மீன் கூடையைத் தலையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். கனகசபையை ஒருமுறை பார்த்தாள்.

"டீ போடுறேன்," என்று உள்ளே போனாள்.

முகுந்தன் படம் எடுத்தான். பறவையின் காலடியில் கிடந்த செங்கல் படத்தில் விழுந்தது. செருப்புக் காலால் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு மறுபடி எடுத்தான். கனகசபை அதைப் பார்த்தார். நாலாவது வாக்கியம் இன்னும் தொண்டையில்தான் இருந்தது.

டீ வந்தது. டம்ளரை வாங்கிக்கொண்டே முகுந்தன் சொன்னான்: "சார்கூட வேலை செய்யக் கொடுத்து வெச்சிருக்கணும்மா நீங்க."

"ஆமா. நல்லாக் கட்டை தூக்குவாரு," என்றாள் தையல்நாயகி.

வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கனகசபை டீயைக் குடித்தார். அந்த வாக்கியமும் டீயோடு உள்ளே போயிற்று.

பறவையைக் கூடத்துக்கு எடுத்துப்போக லாரி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அவர்கள் காரில் போன பிறகு, கனகசபை அங்கேயே நின்றார். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். செங்கலை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். மறுநாளும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும்.

தேசிங்கு கேட்டான். "பறவை உங்க பேர்லதான் பறக்கப்போவுதாமே, வாத்தியாரே?"

கனகசபை குனிந்து காலில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

*

பங்குனியில் அழைப்பிதழ் வந்தது. 'கூழைக்கடா. சிற்பி: கனகசபை. உதவி: உள்ளூர்ப் பெண் ஒருவர்.'

தையல்நாயகி அதை எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தாள். விரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்ல தாளு. வழவழன்னு இருக்கு."

அவ்வளவுதான். கனகசபையால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அம்மா. நானும்தானே உழைச்சேன். இந்தப் பறவையில என்னோடது எது?"

அவள் அழைப்பிதழை மடித்து வைத்தாள்.

"நாளைக்குக் காலையில வடக்கால நடங்க. கல்லு வைக்காத கட்டை ஒண்ணு எடுத்துட்டு வாங்க. அப்புறம் சொல்றேன்."

அவர் போனார். உப்புக் கிடங்கு வரை நடந்தார், அதையும் தாண்டி நடந்தார். நல்ல கட்டை என்று கண்ணில் பட்டது எல்லாவற்றின்மேலும் செங்கல் இருந்தது. செங்கல் இல்லாதவை வெறும் விறகாகத் தெரிந்தன. இரண்டாம் நாளும் அப்படியே.

மூன்றாம் நாள், வெயில் ஏறியபோது, அவர் மணலில் உட்கார்ந்தார். கூழைக்கடாவுக்கு, அதற்கு முன் கட்டிய சின்னச் சின்ன நண்டுகளுக்கு என்று எத்தனை கட்டை சுமந்திருப்போம் என்று நினைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றின்மேலும் அவளுடைய கல் இருந்தது. அந்தக் கல்லை எடுத்து மடியில் போட்டுக்கொண்டுதான் அவர் கட்டையைத் தூக்கியிருக்கிறார். இரண்டு வருடத்தில் அந்தக் கரை முழுக்க நடந்திருக்கிறார். ஒரே ஒரு கல்கூட வைத்ததில்லை.

வெறுங்கையோடு திரும்பினார்.

"கெடைக்கலியா?"

"இல்லம்மா."

"கல்லு வைக்காத கட்டையே இல்லியா கரையில?"

"நிறைய இருக்கு. எனக்குத்தான் கண்ணு தெரியலை."

"சோறு ஆறுது. உக்காருங்க," என்றாள்.

*

பறவையை ஏற்ற லாரி வந்தது. தையல்நாயகி அதைச் சுற்றி வந்து ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுப் பார்த்தாள். டிரைவரிடம் சொன்னாள்: "வளைவுல மெல்லத் திருப்புங்க. பாக்கத்தான் அப்படி இருக்கும். பறக்காது."

லாரி நகர்ந்தபின் மணலில் பறவை நின்ற தடமும் செங்கலும் மிஞ்சின. கனகசபை அந்தச் செங்கலை எடுத்துத் துடைத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டார். அவள் பார்த்தாள்.

"திறப்பு விழாவுக்கு நீங்க வரணும்மா."

"ஞாயித்துக்கிழமை மீன் போற நாளு. நீங்க போயிட்டு வாங்க. நான்தான் அதைப் பாத்துட்டேனே."

கூடத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். நரைத்த தலைகளையும் தொப்பைகளையும் தாண்டி அவர்களுடைய பழைய முகங்களை அவரால் கண்டுபிடிக்க முடிந்தது. முகுந்தன் பொன்னாடை போர்த்தி ஒலிவாங்கியை அவர் கையில் கொடுத்தான்.

அவர் பொன்னாடையை எடுத்து நாற்காலியில் வைத்தார். பையிலிருந்து செங்கலை எடுத்து, கூழைக்கடாவின் முதுகில், இரண்டு இறக்கைகளுக்கும் நடுவில் வைத்தார்.

"இது நான் செஞ்சது இல்லை. மணல்மேட்டுத் தையல்நாயகி செஞ்சது. நான் அவங்க மாணவன். ரெண்டு வருஷமாக் கட்டை தூக்குறேன்."

பிறகு கைதட்டல் எழுந்தது. நிற்கவே இல்லை. முகுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒலிவாங்கியை வாங்கினான். "இதுதாங்க எங்க சார். கூட உதவி செஞ்சவங்களைக்கூடக் குருன்னு சொல்ற மனசு. இந்தத் தன்னடக்கத்தை எந்தக் கல்லூரியிலயும் படிக்க முடியாது."

மறுபடி கைதட்டல்.

கனகசபை அப்படியே நின்றார். சொல்லவேண்டிய நாளில் வாயை மூடிக்கொண்டார். நம்பினார்கள். இன்று வாயைத் திறந்து உண்மையைச் சொல்கிறார். நம்பமாட்டேன் என்கிறார்கள். முப்பத்தொரு வருடமாகச் சேர்த்த பெயர் குறுக்கே வந்து நிற்கிறது.

ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கினார்.

"எல்லாரும் கொஞ்சம் கிட்ட வாங்க. இந்த இறக்கை உடம்புல சேர்ற இடத்துல ஒரு முடிச்சு இருக்கு, தெரியுதா? மொத்தப் பறவையும் அதுல நிக்குது. அதை இப்பப் போட்டுக் காட்டுறேன்."

பையிலிருந்து வலைநூலை எடுத்தார். மேடை அலங்காரத்தில் இருந்த இரண்டு மூங்கில் கழிகளைக் கேட்டு வாங்கிக் குறுக்கே வைத்துக் கட்டினார். அசைத்தார். நூல் நழுவிக் கழி விழுந்தது. மறுபடி கட்டினார். இந்தத் தடவை இறுகியது. அசைத்ததும் கழி பிளந்துகொண்டு வந்தது. மூன்றாவது தடவை கட்டினார். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்றார். நாலாவது தடவை. ஐந்தாவது.

முன்வரிசையில் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள். எப்படிச் செய்வது என்று முப்பத்தொரு வருடம் அவர்களுக்குக் காட்டியவர். தன்னால் முடியாது என்று காட்டியது இதுதான் முதல் தடவை. கழி மறுபடி விழுந்தது. கனகசபை அதைக் குனிந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார். அந்தக் கூடத்தில் அவ்வளவு நிமிர்ந்து நின்றவர் அன்று வேறு யாரும் இல்லை.

"எனக்கு இன்னும் வரலை. என் குருவுக்கு வரும்," என்றார்.

யாரும் கைதட்டவில்லை. அதில்தான் அவருக்கு மூச்சு வந்தது.

முகுந்தன் அருகில் வந்தான். "சார், அந்த டீ கொடுத்த அம்மாவா?"

"அந்த அம்மாதான்."

அவன் பறவையின் முதுகைப் பார்த்தான். தன் செருப்பைப் பார்த்தான். "இந்தக் கல் இங்கேயே இருக்கட்டுமா சார்?" என்றான்.

"இருக்கட்டும். எங்க ஊர்ல யாரும் எடுக்கமாட்டாங்க."

பெயர்ப்பலகையை அன்றைக்கே மாற்றி எழுதினார்கள். எழுதி முடிக்கும்வரை கனகசபை பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

*

மறுநாள் பிற்பகல் பேருந்திலிருந்து இறங்கியவர், சாலையில் போகாமல் கரையோரமாக நடந்தார்.

தேசிங்கு படகு நிறுத்தும் இடத்தில் பாதி புதைந்த புன்னை வேர் ஒன்று கிடந்தது. இரண்டு வருடமாக அதன்மேல் உட்கார்ந்துதான் அவர் காலில் ஒட்டிய மணலைத் தட்டுவார். இன்றும் உட்காரப் போனார். உட்காரவில்லை.

வேர் ஒரு இடத்தில் வளைந்து கீழே இறங்கியது. அந்த வளைவில் ஒரு பெண் குனிந்து யாருக்கோ டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தாள். முகம் கிடையாது. முதுகு மட்டும். அந்த முதுகு வளைந்திருந்தது. ஆனால் பணியவில்லை.

பையில் கல் இல்லை. உப்புக் கிடங்கு வரை நடந்து, ஒரு செங்கல் துண்டைப் பொறுக்கி எடுத்து, திரும்பி வந்து வேரின்மேல் வைத்தார்.

வலையை உலர்த்திக்கொண்டிருந்த தேசிங்கு எட்டிப் பார்த்தான். "என்ன வாத்தியாரே, அடுப்புக்கா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு?"

"இன்னும் தெரியல. ஆனா என்னோடது."

தையல்நாயகி வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கூட்டம் வந்துச்சா?"

"வந்தது."

"பறவை நிக்குதா?"

"நிக்குது. உங்க பேர் எழுதியிருக்காங்க."

"ம்," என்றாள். கூடையின் இடுக்கில் ஒட்டியிருந்த செதிலை நகத்தால் சுரண்டினாள்.

"அம்மா, நான் ஒண்ணுக்குக் கல் வெச்சிட்டு வந்திருக்கேன்."

இப்போதுதான் தலையைத் தூக்கினாள். "எதுக்கு?"

"படகுகிட்ட இருக்கிற புன்னை வேருக்கு."

"அதுக்கா?" அவள் கண்கள் கொஞ்சம் சுருங்கி, எங்கோ போய்விட்டு வந்தன. "தினம் அதுமேலதான் கூடைய எறக்கி வெக்கிறேன். நான் பாக்கலியே."

கனகசபை வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும்மா. அன்னைக்கு முகுந்தன் வந்தப்ப நான் வாயைத் திறக்கல. அது என் தப்பு. ஆனா நீங்களும் ஒரு வார்த்தை சொல்லலையே. ஏன்?"

அவள் கூடையிலிருந்த தண்ணீரைச் சாய்த்துக் கொட்டினாள்.

"வேரை அங்கயே விட்டுட்டா வந்தீங்க?"

"ஆமாம்."

"காவலுக்கு யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லை."

"எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா?"

"எப்படிம்மா போவாங்க? கல் வெச்சிருக்கேனே."

தையல்நாயகி கூடையை உதறி வேலியில் கவிழ்த்தாள்.

"அதான் நான் டீ போடப் போனேன்," என்றாள்.